லேப்டாப்பை ஸ்விட்ச் கன்ட்ரோலராக நடிக்க வைப்பது: ஆகுமா, ஆகாதா?

கேள்வி: 18 ஏப்ரல் 2023, மாலை 6.20

நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோலின் ஜாய்கானில் (கையில் பிடிக்கிற அதன் ஜோடிக் கன்ட்ரோலர்) இடது ஸ்டிக் தொடாமலேயே ஒரு பக்கமாக இழுக்கிறது. புது ஜோடி விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. ஜாய்கான் பேசுவதும் புளூடூத், என் லேப்டாப்பில் இருப்பதும் புளூடூத். அப்படியிருக்க, லேப்டாப்பையே கன்ட்ரோலர் என்று கன்சோலை நம்ப வைத்து, கீபோர்டில் விளையாடினால் என்ன? ஈரோட்டில் இரண்டு கடையில் கேட்டேன், "அதெல்லாம் ஆகாதுங்க" என்று முடித்துவிட்டார்கள். யாராவது செய்து பார்த்தவர்கள் உண்டா?

பதில்: 18 ஏப்ரல், இரவு 10.50

ஆகும். செய்து பார்த்தவன் நான். லினக்ஸ் இயங்குதளம் வேண்டும், பொறுமை அதைவிட அதிகம் வேண்டும். பல்லடத்தில் இப்போது கரண்ட் இல்லை, போனில் தட்டுகிறேன், அதிலும் 14 சதவீதம்தான் மிச்சம். நாளைக்குப் பார்க்கலாம்.

19 ஏப்ரல், காலை 7.15

சரி. இரண்டு பக்கமும் புளூடூத்தானே என்று தம்பி கேட்டது பாதி சரி. புளூடூத்தில் மவுஸ், கீபோர்டு, கன்ட்ரோலர் எல்லாம் ஒரு பக்கம், அவை சொல்வதைக் கேட்கும் கம்ப்யூட்டர் மறுபக்கம். லேப்டாப் பிறந்ததிலிருந்து கேட்கிற பக்கம்தான். நமக்கு வேண்டியதோ அது சொல்கிற பக்கம் வந்து உட்கார்வது. முப்பது வருடம் மாமியாராக இருந்தவரை மறுபடி மருமகளாகப் போகச் சொல்வது மாதிரி.

கன்ட்ரோலர் பேச்சுக்கு 17, 19 என்று இரண்டு வாசல். 17இல் கட்டுப்பாட்டுச் சமாச்சாரம், 19இல் பட்டன் சமாச்சாரம். லினக்ஸின் புளூடூத் சேவை இந்த இரண்டு திண்ணையிலும் ஏற்கனவே துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கும். உங்கள் நிரல் போய்க் கேட்டால் "இங்கே ஆள் வருது" என்று விரட்டிவிடும். அதனால் அந்தச் சேவையை நிறுத்தி, 'இன்புட்' பிளகின் (துணை நிரல்) இல்லாமல் மறுபடி தொடங்க வேண்டும். அப்படிச் செய்தால் உங்கள் புளூடூத் மவுஸ் செத்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அரை மணி நேரம் மவுஸுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது வேஷம். ஸ்விட்ச்சுக்கு ஜாய்கான் தவிர தனியாக விற்கிற ஒற்றைக் கன்ட்ரோலர்தான் புரோ. லேப்டாப்பின் புளூடூத் பெயரை 'புரோ கன்ட்ரோலர்' என்று ஆங்கிலத்தில் எழுத்து பிசகாமல் மாற்ற வேண்டும். சாதன வகை எண் 2508, அதாவது கேம்பேட். பிறகு ஸ்விட்ச்சில் 'சேஞ்ச் கிரிப்/ஆர்டர்' திரையைத் திறந்து வைத்தால், அது புதுக் கன்ட்ரோலர் யாராவது இருக்கிறார்களா என்று தேட ஆரம்பிக்கும்.

இதையெல்லாம் தானாகச் செய்ய ஜாய்கண்ட்ரோல், என்எக்ஸ்பிடி என்று இரண்டு இலவசக் கருவிகள் இருக்கின்றன. இரண்டும் பைத்தான், இரண்டும் ரூட் அனுமதி (முழு நிர்வாகி உரிமை) கேட்கும். வேலை ஆனால் போதும் என்பவர்கள் அதை இறக்கிக்கொண்டு இந்த இழையை விட்டுப் போய்விடலாம். நான் வீம்புக்கு நானே எழுதினேன். அந்தக் கதை பிறகு.

20 ஏப்ரல்

"எங்கிட்ட விண்டோஸ்தான் இருக்குங்க" என்று தனிச்செய்தியில் மூன்று பேர். விண்டோஸில் சாதாரண நிரலுக்கு அந்த 17, 19 வாசல் திறக்காது. தனியாக ஒரு யூஎஸ்பி புளூடூத் டாங்கிள் (துளையில் செருகுகிற சின்னக் கருவி) வாங்கி, விர்ச்சுவல் மெஷினில், அதாவது விண்டோஸுக்குள்ளேயே ஓடுகிற போலிக் கம்ப்யூட்டரில், லினக்ஸ் போட்டு, டாங்கிளை அதற்குக் கொடுத்துவிடுங்கள். என்எக்ஸ்பிடி அப்படி ஓடும். இல்லை, பழைய ராஸ்பெரி பை ஜீரோ டபிள்யூ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பலகை எங்காவது தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்புங்கள். நான் இப்போது அதில்தான் ஓட்டுகிறேன்.

24 ஏப்ரல், இரவு

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான்.

சோமனூர்ப் பக்கம் என் சித்தப்பா தறி ஓட்டுகிறார். நாடாத் தறி, எட்டு. பல வருடம் முன்பு மோட்டார் பெல்ட்டில் வலது கை மாட்டி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போய்விட்டன. தறிக்கு அது ஒரு தடையே இல்லை, அறுந்த நூலை மற்ற விரல்களால் நம்மைவிட வேகமாக முடிச்சுப் போடுவார். ஆனால் அவர் மகள் சிங்கப்பூரில். பேரன் போன ஜூன் லீவுக்கு வந்தபோது ஸ்விட்ச்சை இங்கேயே விட்டுப் போனான். வந்திருந்த நாட்களில் "அப்புச்சி, வாங்க ரேஸ் விடலாம்" என்று ஒரு ஜாய்கானைக் கையில் கொடுப்பான். விரல் நீளக் குச்சி அது, பட்டன் எல்லாம் மொச்சைக்கொட்டை அளவு. அவர் கையில் நிற்காது. இரண்டு சுற்றுக்குப் பிறகு "நீ ஓட்டு கண்ணு, நான் பார்க்கறேன்" என்று நகர்ந்துவிடுவார். இந்த ஜூனில் அவன் மறுபடி வருகிறான். அவ்வளவுதான் காரணம்.

2 மே

இணைந்தது, ஐந்து நொடியில் அறுந்தது. மறுபடி இணைந்தது, மறுபடி அறுந்தது. இரண்டு இரவு இதே.

பட்டன் செய்தி அனுப்புவதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். அது கடைசி வேலை. கன்ட்ரோலர் என்பது சொல்கிற சாதனம் என்று 19ஆம் தேதி எழுதினேன் அல்லவா, அதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். முதலில் அது பதில் சொல்கிற சாதனம். கல்யாண வீட்டில் புதுப் பையன் நுழைந்தால் ஒரம்பரையெல்லாம் சுற்றி உட்கார்ந்து எந்த ஊர், யார் மகன், என்ன வேலை என்று கேட்பார்களே, கன்சோல் அப்படிக் கேட்கிறது. நீ என்ன வகை? (1 என்றால் இடது ஜாய்கான், 2 வலது, 3 புரோ. நான் 3 என்று சொல்ல வேண்டும்.) உன் மென்பொருள் பதிப்பு என்ன? உன் முகவரி? உன் சிறு நினைவகத்தில் இந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, படித்துக் காட்டு. இனிமேல் முழுச் செய்தியாக அனுப்பு. அசைவு உணரியைப் போடு. அதிர்வைப் போடு. இரண்டாம் எண் விளக்கை எரி.

ஒவ்வொன்றுக்கும் கேள்வி எண்ணைத் திருப்பிச் சொல்லி, சரி என்று ஒரு குறி வைத்து, கேட்டதைக் கொடுக்க வேண்டும். நான் மற்றதையெல்லாம் எழுதிவிட்டு, விளக்குக் கேள்வியை மட்டும் விட்டிருந்தேன். என்னிடம் விளக்கே இல்லையே, எதற்குப் பதில் என்று. கன்சோல் அதையே திரும்பத் திரும்பக் கேட்டது. பிறகு கதவைச் சாத்திவிட்டது. "எரித்துவிட்டேன்" என்று ஒரு பொய் சேர்த்ததும் இணைப்பு அறுபடாமல் நிலைத்தது.

நினைவகத்தில் 6050 என்ற இடத்தில் கன்ட்ரோலரின் மேனி நிறம் இருக்கும், சிவப்பு பச்சை நீலம் மூன்று எண். நான் 255, 170, 0 என்று கொடுத்தேன். திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கன்ட்ரோலர் வந்து நின்றது. ஈரோட்டுத் தம்பிக்குச் சமர்ப்பணம், இது உங்கள் ஊர் மஞ்சள்.

3 மே

நேற்று எழுத மறந்தது. ஒரு பட்டனும் அழுத்தாதபோதும் "ஒன்றும் அழுத்தவில்லை, ஒன்றும் அழுத்தவில்லை" என்று ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் கன்ட்ரோலர் போய்விட்டது என்று ஆட்டம் நின்றுவிடும். சித்தப்பாவிடம் சொன்னேன். "ஊடை நூல் அறுந்தா தறி நிக்கற மாதிரி" என்றார். அதேதான்.

எவ்வளவு அடிக்கடி என்றால் நொடிக்கு 60 தடவை.

3 மே, மதியம்

திருத்தம். நொடிக்கு 60 சொச்சம் என்பது ஜாய்கான் கணக்கு, 15 மில்லிநொடிக்கு ஒன்று. அசல் புரோ அதைப்போல் இரண்டு மடங்கு, எட்டு மில்லிநொடிக்கு ஒன்று. நான் புரோ வேஷம் போட்டுக்கொண்டு ஜாய்கான் வேகத்தில் அனுப்புகிறேன். கன்சோல் இதுவரை கண்டுகொள்ளவில்லை. சுட்டிக்காட்டிய கோபி அண்ணனுக்கு நன்றி, கொஞ்சம் மரியாதையாகச் சுட்டிக்காட்டியிருக்கலாம்.

11 மே, பின்னிரவு 1.30

இந்த இழை எதில் ஆரம்பித்தது? ஸ்டிக் தானாக இழுக்கிறது என்பதில். இன்றைக்கு நான் எழுதிய கன்ட்ரோலரில், ஸ்டிக்கே இல்லாத கன்ட்ரோலரில், ஸ்டிக் இழுக்கிறது. கார் முழுசாக இடது பக்கம் திரும்பி சுவரை உரசிக்கொண்டே போகிறது. தேய்வதற்கு ஒரு பொருளும் இல்லாத இடத்தில் தேய்மானத்தை உண்டாக்கிய ஆள் நான்தான்.

காரணம் கிடைத்தது, விரிவாக எழுதுகிறேன், இன்னொருத்தர் இரண்டு ராத்திரியைத் தொலைக்க வேண்டாம். ஸ்டிக்கின் கிடை நகர்வு (இடம், வலம்) 12 பிட், மேல்கீழ் நகர்வு 12 பிட். 0 முதல் 4095 வரை, நடு 2048. இரண்டையும் சேர்த்தால் 24 பிட், அதை மூன்று பைட்டில் மடித்து அனுப்ப வேண்டும். முதல் பைட்டில் கிடையின் கீழ் எட்டு பிட். மூன்றாவதில் மேல்கீழின் மேல் எட்டு பிட். நடு பைட்டைத்தான் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்: அதன் கீழ்ப்பாதி கிடைக்கு, மேல்பாதி மேல்கீழுக்கு. பங்காளிகள் இருவரும் ஒரே கிணற்றில் இறைக்கிற மாதிரி. ஸ்டிக் நடுவில் இருக்கும்போது மூன்று பைட்டும் பதினாறடிமானத்தில் 00, 08, 80 என்று போக வேண்டும். நான் பங்கை மாற்றிப் பிரித்து 00, 80, 80 என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். கன்சோல் பிரித்துப் படித்தால் மேல்கீழ் 2056, நடுவுக்கு எட்டுதான் தள்ளி, வித்தியாசமே தெரியாது. கிடை 0. அதாவது முழு இடது. அதனால்தான் கார் மேலே கீழே ஒழுங்காகவும் பக்கவாட்டில் பைத்தியமாகவும் போனது.

ஒரே ஒரு பைட். தூக்கம் போச்சு.

12 மே

ஒருவர் "பங்காளிகள் ஒரே கிணற்றில் இறைத்தால் கோர்ட்டுக்குத்தான் போவார்கள்" என்கிறார். ஒத்துக்கொள்கிறேன்.

20 மே

சித்தப்பா வீட்டில் வைத்துச் சோதித்தேன். என் கடையில் வெண்ணெய் மாதிரி ஓடியது அங்கே திக்கித் திக்கி ஓடியது. கார் திரும்பச் சொன்ன பிறகு யோசித்துத் திரும்புகிறது.

முதலில் தறிக்குடோன் மோட்டார்கள் மேல் பழி போட்டேன். எட்டு தறியையும் நிறுத்திப் பார்த்தோம் (சித்தி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்), ஒரு மாற்றமும் இல்லை. பிறகு புரிந்தது. அன்றைக்கு ராஸ்பெரி பையை வீட்டில் மறந்துபோய் லேப்டாப்பும் டாங்கிளுமாகப் போயிருந்தேன். டாங்கிளை நீல நிற யூஎஸ்பி 3 துளையில் செருகி, பக்கத்துத் துளையில் வெளி ஹார்டு டிஸ்க்கையும் மாட்டியிருந்தேன். யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கொட்டும், புளூடூத் பேசுவதும் அதே இடத்தில். வைஃபை ரௌட்டரும் அங்கேதான். புளூடூத் 79 அலைவரிசைகளில் நொடிக்கு 1600 தடவை தாவித் தாவித்தான் பேசுகிறது, அதனால் சுத்தமாக அறுந்துபோகாமல் திக்குகிறது. ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு ஒயர் போட்டு டாங்கிளைத் தள்ளி வைத்தேன். சரியாகிவிட்டது. தறிகளுக்கு மன்னிப்பு.

இன்னொன்று. டாங்கிள் வாங்கும்போது மலிவாக வாங்காதீர்கள். நான் முதலில் வாங்கியது பெயர்பெற்ற ஒரு சிப்பின் போலி. மேலே ஒரு பெயர், உள்ளே வேறு ஆள். வேஷம் போட வந்த எனக்கே வேஷம் போட்டது.

28 மே

மற்ற கன்சோல் பற்றிக் கேட்டவர்களுக்கு மொத்தமாக.

பிளேஸ்டேஷன் 4: பட்டன் மொழி தெரிந்தாலும் போதாது, கன்ட்ரோலர் ரகசியக் கையெழுத்துப் போட்டுக் காட்ட வேண்டும். கையெழுத்து இல்லாததை எட்டு நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு வெளியே தள்ளிவிடும். பிளேஸ்டேஷன் 3இல் இந்தக் கெடுபிடி இல்லை. ஒயரில் மாட்டும்போது கன்சோலின் முகவரியைக் கன்ட்ரோலருக்குள் எழுதிவிடும், அவ்வளவுதான் உறவு. ஜிம்எக்ஸ் என்ற கருவி அசல் கன்ட்ரோலரின் முகவரியை டாங்கிளுக்கு வைத்து அந்த வழியில் நுழையும். எக்ஸ்பாக்ஸ்: கன்சோலும் கன்ட்ரோலரும் பேசுவது புளூடூத்தே இல்லை, சொந்த ரேடியோ. புது எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இருக்கிற புளூடூத் கம்ப்யூட்டருக்கும் போனுக்கும்தான். அங்கே போய் முட்டிக்கொள்ள வேண்டாம்.

எனக்குப் பிடித்தது 2006இல் வந்த நின்டெண்டோவின் வீ கன்சோல். அதன் ரிமோட்டை இணைக்கும்போது கேட்கிற ரகசிய எண் என்ன தெரியுமா? சிவப்பு பட்டனை அழுத்தி இணைத்தால் கன்சோலின் புளூடூத் முகவரியைத் திருப்பிப் போட்டது. 1, 2 பட்டன்களை அழுத்தி இணைத்தால் ரிமோட்டின் சொந்த முகவரியைத் திருப்பிப் போட்டது. வீட்டுச் சாவியை நிலைப்படி மேலேயே வைத்துவிட்டு ஊருக்குப் போகிற வகை. ஆனால் அந்த ஆறு பைட்டும் தட்டச்சு செய்யக்கூடிய எழுத்துகளாக இருக்காது, அதனால் சாதாரண ஜோடி சேர்க்கும் பெட்டியில் தட்டி நுழைய முடியாது. நிரல்தான் எழுத வேண்டும்.

29 மே

ஈஎஸ்பி32 (புளூடூத் உள்ள சின்ன நிரல் பலகை) வைத்துச் செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் பழைய அசல் ஈஎஸ்பி32. சி3, எஸ்3 என்று வால் இருப்பவற்றில் குறைமின் புளூடூத் மட்டும்தான். ஸ்விட்ச் கன்ட்ரோலர் பேசுவது பழைய கிளாசிக் புளூடூத். எப்படித் தெரியும் என்றால், என் மேசை டிராயரில் இரண்டு சி3 சும்மா கிடக்கிறது.

4 ஜூன்

பெடல் முடிந்தது.

திருப்பூரில் பழைய இரும்புக் கடையில் தையல் மிஷின் கால் பெடல் ஒன்று எடுத்தேன். அடியில் ஒரு மைக்ரோ சுவிட்ச். ஒரு பழைய கீபோர்டை உடைத்து உள்ளே இருக்கிற சின்னப் பலகையை எடுத்து, 'ஏ' எழுத்துக்கான இரண்டு முனையிலும் ஒயர் பற்றவைத்து சுவிட்ச்சோடு சேர்த்துவிட்டேன். ராஸ்பெரி பைக்கு அது வெறும் கீபோர்டு. பெடலை மிதித்தால் 'ஏ' அழுத்தினதாக நினைக்கும், நிரல் அதைக் கன்சோலுக்கு 'ஏ' பட்டனாகச் சொல்லும். கார் ஓடும். திருப்ப மட்டும் இடது கைக்கு இரண்டு பெரிய பட்டன், மோட்டார் ஸ்டார்ட்டரில் இருக்குமே பச்சை, சிவப்பு, அது. அவருக்குப் பழகின பொருள்.

சித்தப்பா பச்சையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏன் கண்ணு, அப்ப இந்த டப்பா அந்த டப்பாகிட்ட 'நான்தான் அசல்'னு பொய் சொல்லுதா?" ஆமாங்க சித்தப்பா என்றேன். "கண்டுபிடிச்சா அடிக்காதுங்களே?" என்று சித்தி.

(அடிக்கலாம். வீட்டுக்குள் விளையாடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆன்லைன் போட்டிக்கு இதை எடுத்துப் போகாதீர்கள். அது கணக்குக்கும் ஆகாது, எதிரில் விளையாடுகிறவனுக்கும் நியாயமில்லை.)

11 ஜூன்

பேரன் வந்துவிட்டான். முதல் நாள் தோல்வி, பெடல் மேல் குற்றமில்லை. பட்டன் என்பது ஒன்று உண்டு, இல்லை என்றால் இல்லை. ஸ்டிக் மாதிரி கொஞ்சமாகச் சாய்க்க வழியில்லை. பச்சையைத் தொட்டால் முழு இடது, விட்டால் நடு. கார் குடிகாரன் மாதிரி போனது. "அப்புச்சி, மறுபடியும் சுவத்துல முட்டிட்டீங்க!"

இரவு நிரலில் ஒரு மாற்றம். பச்சையை அழுத்தியதும் 2048இலிருந்து நேராக 0க்குப் போகாமல், அனுப்புகிற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் (செய்திக்கும்) 200 என்று இறங்கு. பத்து பதினோரு பாக்கெட்டில் முழு இடது வரும், 15 மில்லிநொடிக்கு ஒன்று என்றால் ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. தட்டினால் லேசாகத் திரும்பும், பிடித்தால் முழுசாகத் திரும்பும். மே 3இல் பாதி வேகத்தில் அனுப்புகிறேன் என்று சொன்னேனே, அதை எட்டுக்கு மாற்றாமல் விட்டது இங்கே நல்லதாகப் போயிற்று. மாற்றியிருந்தால் 200ஐ 100 ஆக்க வேண்டும். ஒன்றும் பெரிய விஷயமில்லை, ஆனால் கோபி அண்ணனிடம் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு.

12 ஜூன்

சித்தப்பா மூன்றாவது வந்தார். நான்கு பேரில் மூன்றாவது. சித்தி உட்பட.

13 ஜூன்

பேரன் என் லேப்டாப்பைத் தோண்டி, 'ஏ' பட்டனை ராத்திரி முழுக்க விடாமல் அழுத்துகிற ஒரு மேக்ரோவை எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறான், வேறு ஏதோ ஆட்டத்தில் காசு சேர்க்க. இரண்டு மணிக்குக் கரண்ட் போய் ராஸ்பெரி பை அணைந்தது. காசும் இல்லை, கன்சோலில் 'கன்ட்ரோலரைக் காணோம்' என்ற திரை மட்டும் விடியும் வரை எரிந்துகொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மா சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

19 ஜூன்

ஈரோட்டுத் தம்பி செய்தி அனுப்பியிருக்கிறார். ஜாய்கானைத் திறந்து ஸ்டிக்கை மட்டும் கழற்றி மாற்றிவிட்டாராம், இருபது நிமிட வேலையாம், இழை பெரிதாகிவிட்டதால் முழுக்கப் படிக்கவில்லையாம். நல்லா இருங்க தம்பி.

2 ஜூலை

பேரன் ஊருக்குப் போயாயிற்று. இந்தத் தடவையும் ஸ்விட்ச்சை விட்டுத்தான் போனான். இன்றைக்குச் சித்தப்பாவிடமிருந்து போன். கார் அரை அடி ஓடி நிற்கிறதாம், பச்சை சிவப்பு எல்லாம் சரியாக இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன். பெடல் ஒயரை எலி கடித்திருக்கிறது. கடித்த இடத்தில் இரண்டு நுனியையும் சேர்த்து, பாவு நூல் போடுகிற முடிச்சாகவே போட்டு டேப் ஒட்டி வைத்திருந்தார். முடிச்சு அழகாக இருந்தது, செம்பு மட்டும் ஒன்றையொன்று தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பற்றவைப்பானோடு போகிறேன்.